வேலூர் வெயிலில் ஸ்பாஞ்ச் கேக்: எங்கே கெட்டது என்று அடையாளம் பார்த்துத் திருத்தும் வழி

எந்தக் கேக் குறிப்பை எடுத்தாலும் "வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி பிறந்த ஊர்களில் அறை என்பது 20, 21 டிகிரி. சித்திரை மாதம் சத்துவாச்சாரியிலோ கொசப்பேட்டையிலோ மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் சமையலறை மதியம் 36 டிகிரிக்குக் குறையாது. வெண்ணெயோ 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். ஆகவே குறிப்பை வரிக்கு வரி பின்பற்றுகிறவர்களுக்குத்தான் இங்கே கேக் முதலில் கெடுகிறது. அவர்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. பிசகுவது பெரும்பாலும் வெப்பம். அதற்கு அடுத்தது முட்டையின் எடை.

அடையாளங்களுக்குள் போவதற்கு முன், நீங்கள் செய்வது எந்த ஸ்பாஞ்ச் என்று தெளிவாக வேண்டும். முதல் வகையில் முட்டை, சர்க்கரை, மைதா மட்டும்தான். வெண்ணெய் இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் பேக்கிங் பவுடரைச் செய்வதற்கு வெகுகாலம் முன்பே ஸ்பாஞ்ச் இருந்தது. அப்போது அதை உப்ப வைத்தது முட்டைக்குள் அடித்து ஏற்றிய காற்று ஒன்றுதான். இரண்டாவது, விக்டோரியா மகாராணி பெயரில் வழங்கும் வெண்ணெய் ஸ்பாஞ்ச். முட்டை எவ்வளவு எடையோ அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா, கூடவே பேக்கிங் பவுடர். இரண்டும் வெவ்வேறு விதமாகக் கெடும், வெவ்வேறு விதமாகத் திருத்த வேண்டும்.

என் தீர்மானம் இது: பங்குனி முதல் ஆனி வரை முட்டை ஸ்பாஞ்ச் செய்யுங்கள், கார்த்திகை முதல் தை வரை வெண்ணெய் ஸ்பாஞ்ச் செய்யுங்கள். மார்கழி விடியற்காலையில் வேலூரிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். வெண்ணெய் அடிக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. மே 4இலிருந்து 28 வரை கத்திரி. முட்டை நுரைக்க அதுதான் தோது. காரணம் பின்னால் வருகிறது.

அளவுக்கு டிஜிட்டல் தராசு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நம் கடைகளுக்கு வரும் நாமக்கல் முட்டை ஓட்டோடு 50 முதல் 55 கிராம் இருக்கும். இங்கிலாந்துக் குறிப்புகளில் பெரிய முட்டை என்றால் 63 கிராமுக்குக் குறையாது. அந்தக் குறிப்பில் "4 முட்டை, 225 கிராம் மைதா" என்று இருந்தால் இங்கே மைதா மிஞ்சிவிடும், கேக் வறண்டுவிடும். பழைய முறையே சரி: மூன்று முட்டையை ஓட்டோடு நிறுங்கள். 155 கிராம் வந்தால் வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 155 கிராம். பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். கடைசியில் பால் ஒரு மேசைக்கரண்டி. 7 அங்குல டின், 170 டிகிரி, 35 நிமிடத்தை ஒட்டி. முட்டை ஸ்பாஞ்ச் என்றால் ஒரு முட்டைக்கு 30 கிராம் சர்க்கரை, 30 கிராம் மைதா.

வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கவில்லை, பளபளவென்று எண்ணெய் பிரிகிறது

இது வெயில் காலத்தின் முதல் அடையாளம். இங்கே விட்டுவிட்டால் பிறகு எதைச் செய்தாலும் கேக் மீளாது. வெண்ணெய் கட்டியும் இல்லாமல் உருகியும் போகாமல் இருக்கும்போதுதான் சர்க்கரைத் துகள்கள் அதற்குள் உராய்ந்து காற்றறைகளை உண்டாக்கும். பேக்கிங் பவுடர் புதிதாக அறைகளை உண்டாக்குவதில்லை, இருக்கிறவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் அறையே இல்லை, ஊதுவதற்கும் ஒன்றுமில்லை.

மே மாதத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரல் நுனி மினுக்கக் கூடாது. மினுக்கினால் மறுபடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரும் நாலைந்து ஐஸ் கட்டியும் போட்டு, அதற்குள் ஸ்டீல் கிண்ணத்தை இறக்கி அடியுங்கள். பீட்டரின் உரசலிலேயே வெண்ணெய் சூடேறும் என்பதால் நடுநடுவே கிண்ணத்தின் அடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து ஆறு நிமிடத்தில் மஞ்சள் போய் வெளிறிய நிறம் வரும். பாதியில் எண்ணெய் பிரிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். முட்டை சேர்க்காத வரை இதைத் திருத்த முடியும்.

இதில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. நம் கடைச் சர்க்கரை பெரிய பரல். அப்படியே போட்டால் கரையாமல் கேக்கின் மேலே புள்ளி புள்ளியாக நிற்கும். மிக்ஸியில் மாவாக அரைத்துவிட்டாலும் தவறு, உராய்வதற்குப் பரல் இருக்காது. பல்ஸில் நாலு சுற்று, ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை சுடச்சுட இருக்கும். ஆறவிடாமல் வெண்ணெயில் கொட்டி, அதனாலேயே வெண்ணெயை உருக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பாக்கெட் வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கும். நிறுத்துத் தரும் வெள்ளை வெண்ணெயில் தண்ணீர் கூடுதல். அதைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் குளிர்ந்த நீரில் அலசி, தண்ணீர் வடியப் பிழிந்த பிறகு நிறுங்கள். புளிப்பு வாடை வந்துவிட்டால் காய்ச்சி நெய்யாக்கிக்கொள்ளுங்கள், கேக்குக்கு வேண்டாம்.

முட்டை ஊற்றியதும் கலவை திரிந்துவிட்டது

திரிவதில் இரண்டு விதம். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். சின்னச் சின்னக் குருணையாகத் திரண்டு, சுற்றிலும் தண்ணீர் நின்றால் முட்டை அதிகக் குளிர்ச்சி. நேராக ஃபிரிட்ஜிலிருந்து வந்த முட்டை பட்டு வெண்ணெய் இறுகிவிட்டது. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து அடித்தால் சேர்ந்துவிடும். அப்படி இல்லாமல் கலவை தளர்ந்து, மினுக்கத்தோடு ஓடினால் அது சூடு. ஐஸ் தண்ணீர்தான் வழி. தெரியாமல் சூட்டால் திரிந்ததை மேலும் சூடாக்கினால் முழுவதும் பிரிந்துபோகும். ஆகவே முதலில் கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

இரண்டிலும் உதவுவது, நிறுத்து வைத்த மைதாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்துத் தூவி அடிப்பது. முட்டையை முன்பே கலக்கி வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊற்றினால் திரிவதே அபூர்வம். லேசாகத் திரிந்த கலவையையும் வேகவைக்கலாம். கேக் வரும், கொஞ்சம் கனமாக வரும்.

நடுவில் குழி விழுகிறது

எப்போது விழுந்தது என்று யோசியுங்கள். ஓவனுக்குள்ளேயே பொங்கி எழுந்து, பிறகு தானாக உட்கார்ந்தால் பேக்கிங் பவுடர் அதிகம். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெந்திருக்கும், ஆனால் ஓட்டைகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். "நல்லா உப்பணும்" என்று அரை டீஸ்பூன் கூடப் போடுவதன் பலன் இது. வெளியே எடுத்த பிறகு விழுந்து, குழிக்கு நேர் கீழே ஈரமாக இருந்தால் வேகவில்லை. முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் முட்டையும் மாவும் இறுகும் முன் குளிர்ந்த காற்று பட்டால் காற்றறைகள் சுருங்கிவிடும், தாங்குவதற்கு எதுவும் இருக்காது. கண்ணாடி வழியாகப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

நேரம் சரி, அளவும் சரி, ஆனாலும் வேகவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். கோடை மாலையில் ஏசி எல்லாம் ஓடும்போது வீட்டுக்கு வரும் வோல்டேஜ் இறங்கும். ஓ.டி.ஜி. எனப்படும் வீட்டு மின்சார ஓவனின் கம்பி தரும் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 190 வந்தால் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். திருகில் 170 என்று இருக்கும், உள்ளே அது வந்து சேரத் தாமதமாகும். ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், அது பொய் சொல்லாது. கேக்கை விடியற்காலையில் வேகவையுங்கள். வெண்ணெய்க்கும் அதுவே நல்ல நேரம்.

வெந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கதவைத் தொடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் என்றால் உள்ளிருக்கும் சூடே முடித்துவிடும். தொடக்கத்தில் போய், வெகுநேரம் வராவிட்டால் குழி நிச்சயம். வீட்டு இன்வெர்ட்டர் ஓ.டி.ஜி.யைத் தாங்காது, முயலவும் வேண்டாம். அந்தக் கேக்கை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உச்சி கூம்பி வெடிக்கிறது

சூடு அதிகம், அல்லது டின் மேல் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது. ஓரமும் மேற்பரப்பும் முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் மாவு வழி தேடி நடுவில் கிழித்துக்கொண்டு எழுகிறது. 10 டிகிரி குறையுங்கள், டின்னை ஒரு படி கீழே இறக்குங்கள். பழைய பருத்தி வேட்டியைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டி ஓவனில் வைத்தால் ஓரம் மெதுவாக வேகும், கேக் சமமாக எழும். துணி கம்பியைத் தொடக் கூடாது. வெண்ணெய் ஸ்பாஞ்ச் லேசாக மேடு தட்டுவது குறையே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

அடி கருகுகிறது, மேல் வெளுத்துக் கிடக்கிறது

குக்கரில் செய்கிறவர்களின் குறை இது. கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றியாக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. அடியில் ஒரு அங்குலம் கழுவி நன்றாகக் காய்ந்த மணல், அதன் மேல் ஸ்டாண்டு, அதன் மேல் டின். உப்பைப் பரப்புவதும் வழக்கம்தான், ஆனால் ஈரம் சேர்ந்தால் உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் எனக்கு மணலே பிடிக்கும். மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றி, டின்னை இறக்கியதும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 45 நிமிடம் வரை ஆகலாம். மூடியில் திரளும் நீர் கேக்கின் மேல் சொட்டாமல் இருக்க, உட்புறம் ஒரு மெல்லிய துணியைக் கட்டி, முனைகளை மேலே தூக்கி முடிச்சுப் போடுங்கள். ஆவி போகும் துளை திறந்தே இருக்கட்டும்.

இதெல்லாம் அடி கருகுவதைத் தடுக்கும். மேல் சிவப்பது வேறு விஷயம், அதற்கு மேலிருந்து சூடு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிரியாணிக்குத் தம் போடும் வீடுகளில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது: கனத்த தேக்சாவின் மூடியில் கரித்தணல். ஸ்பாஞ்சுக்கும் அது அப்படியே பொருந்தும். பாதி வெந்த பிறகு மூடியின் மேல் ஒரு கை தணலைப் பரப்பினால், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மேற்பரப்பு பொன்னிறமாகும். தணல் வைக்கிறபோது உள்ளே துணி கட்டக் கூடாது. இதை முற்றத்திலோ மாடியிலோ மட்டும் செய்யுங்கள். மூடிய சமையலறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து. ஓ.டி.ஜி.யில் வெந்த கேக்கைவிட இந்தக் கேக்கின் வாசனை எனக்கு ஒரு படி மேல்தான்.

முட்டை ஸ்பாஞ்ச் உப்பவே இல்லை, அடியில் ஒரு பட்டை

முட்டையை அடித்தது போதவில்லை. இதற்கு வேறு காரணம் தேடுவதற்கு முன், பீட்டரைத் தூக்கி, அதிலிருந்து வழியும் கலவையால் மேலே 8 வரைந்து பாருங்கள். 8 முடியும்போது அதன் தொடக்கம் இன்னும் அழியாமல் மேலே தெரிய வேண்டும். கையில் பிடிக்கும் மின்சார பீட்டரில் எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, முட்டை 40 டிகிரி ஆகும்வரை கலக்கச் சொல்வார்கள். சூடான முட்டை இளகி, அதிகக் காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதற்காக. கத்திரியில் நம் வீட்டு முட்டையை அரை மணி வெளியே வைத்தாலே அந்தப் பதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வெண்ணெயைக் கெடுத்த அதே வெயில் இங்கே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. கோடையில் இந்த வகையைச் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். முட்டையை நாள் முழுக்க வெளியே போட்டு வைக்காதீர்கள், அரை மணியே போதும்.

நன்றாக அடித்தும் அடியில் பட்டை விழுந்தால், மைதா கீழே தங்கிவிட்டது. மைதாவைச் சலித்து மூன்று தவணையாகத் தூவி, அகலக் கரண்டியால் கிண்ணத்தின் அடியிலிருந்து வாரி மேலே புரட்டுங்கள். வெள்ளை மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கலக்கக் கலக்கக் காற்று போய், மைதாவின் பசை முறுகி, கேக் ரப்பராகும். டின்னின் ஓரத்தில் வெண்ணெய் தடவ வேண்டாம், அடியில் மட்டும் பட்டர் பேப்பர். கலவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் கலவையைத் தெரிந்த பேக்கரியில் கொடுத்து வேகவைத்து வாங்குகிறவர்கள் முட்டை ஸ்பாஞ்சைக் கொண்டுபோக வேண்டாம். வண்டியில் குலுங்கி வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் காற்றெல்லாம் போய்விடும். வெண்ணெய் ஸ்பாஞ்ச் கால் மணி நேரம் தாங்கும்.

முட்டை வாடை அடிக்கிறது

நம் பக்கத்தில் ஸ்பாஞ்சை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். உடனே வெனிலாவைக் கூட்டுவார்கள், அது வாடையை மூடுமே தவிர எடுக்காது. முதல் சந்தேகம் வேக்காட்டின் மேல் வரட்டும். சரியாக வேகாத நடுப்பகுதிதான் அதிகம் வாடை வீசும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும், கேக் ஓரத்தை விட்டு ஒரு நூல் விலகியிருக்க வேண்டும். இரண்டாவது, பழைய முட்டை. தண்ணீரில் போட்டால் மிதக்கும் முட்டையைத் தூக்கி எறியுங்கள், நிமிர்ந்து நிற்பதை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொண்டு, படுத்துக் கிடப்பதைக் கேக்குக்கு எடுங்கள். மூன்றாவது, ஆப்ப சோடா. தயிர், எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவும் இல்லாத குறிப்பில் சோடா போட்டால் முட்டை வாடையும் கூடும், சோப்புச் சுவையும் வரும், கேக் மஞ்சளித்துப் போகும்.

நான் சேர்ப்பது எலுமிச்சைத் தோல். மஞ்சள் பகுதியை மட்டும் துருவி, சர்க்கரையோடு விரலால் கசக்கி, அந்தச் சர்க்கரையை முட்டையில் போடுங்கள். தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கிவிடும். சுடச்சுட வெட்டித் தின்றால் எந்த ஸ்பாஞ்சிலும் முட்டை மணக்கத்தான் செய்யும், ஆறட்டும்.

வறண்டு உதிர்கிறது

வீட்டில் சுகர் இருப்பவர்களை நினைத்துச் சர்க்கரையைப் பாதியாக்குவது பல வீடுகளில் நடக்கிறது. அந்த அக்கறை புரிகிறது. ஆனால் கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மாவை இறுகவிடாமல் மென்மையாக்குவதும் அதுதான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால் கேக் உலர்ந்த ரொட்டியாகிவிடும். முழு அளவு போட்டுச் செய்து, துண்டைச் சிறிதாக வெட்டிக் கொடுங்கள்.

சரியாக வெந்த கேக்கும் சீலிங் ஃபேனுக்கு அடியில் திறந்தபடி ஆறினால் வறண்டுவிடும். கோடையில் வேலூர்க் காற்றில் ஈரம் குறைவு, ஃபேனும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் மேல்தோல் பொருக்காகிறது. பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, கம்பித் தட்டில் கவிழ்த்து, மெல்லிய துணியால் மூடி, ஃபேனை நிறுத்தி ஆறவிடுங்கள்.

மறுநாள் மேலே பிசுபிசுப்பு

வெதுவெதுப்பு இருக்கும்போதே டப்பாவில் அடைத்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படியே விட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை வரும். இரண்டு மணி நேரமாவது ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பா. எறும்புக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே டப்பாவை வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து விரைவாக இறுகி, கேக் கெட்டியாகும். இரண்டு நாளில் தின்று முடிப்பதே நல்லது.

நடுவில் வைக்க விக்டோரியா ஸ்பாஞ்சுக்கு ஜாம்தான் வழக்கம், மேலே தூவ ஒரு சிட்டிகை சர்க்கரை. அதுவே போதும். மே மாதத்தில் விப்பிங் க்ரீம் அடிக்காதீர்கள், குளிர்ச்சி இல்லாமல் அது நிற்காது, பரிமாறும் முன் வழிந்துவிடும். ஐப்பசியில் ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் இறங்கும்போது, கொட்டை நீக்கிய சதையை இரண்டு அடுக்குக்கு நடுவே தடவிப் பாருங்கள். அதைச் செய்த அன்றே தின்றுவிட வேண்டும். மற்ற நாளில் நாலு மணி டீ, ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஆறிய கேக்கை ரொட்டி அறுக்கும் பல் கத்தியால் அழுத்தாமல் இழுத்து அறுத்தால் உதிராது.

குழி விழுந்தது, வறண்டது, உப்பாமல் போனது எதையும் குப்பையில் போட வேண்டாம். வேகாத நடுப்பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதியை விரல் கனத்துக்கு வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, 140 டிகிரியில் ஒரு பக்கம் கால் மணி, திருப்பிப் போட்டு இன்னொரு கால் மணி. ஓவன் இல்லையென்றால் தோசைக்கல்லில் மிகச் சிறிய தீயில் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். ஆறியதும் மொறுமொறுவென்று கேக் ரஸ்க் கிடைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் தாங்கும். டீயில் ஒரு முறை நனைத்தால் போதும், இரண்டாவது முறை நனைத்தால் உடைந்து கிளாஸுக்குள் விழுந்துவிடும்.